வண்டி காத்திருக்கும்

உங்கள் வண்டியை வாசலில் இருக்கிற பிளக்கிலேயே போட்டுவிட்டீர்கள் அல்லவா? நல்லது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, திரும்பிப் போகச் சார்ஜ் இருக்குமோ இருக்காதோ என்று யோசித்துக்கொண்டே பேச வேண்டாம். நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் காற்று வரும். வீடு சற்றுப் புழுக்கமாகத்தான் இருக்கும். பின் அறையில் துணி உலர்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சத்தம்தான் கேட்கிறது. தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், கதவைச் சாத்திவிடுகிறேன்.

தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்று சொன்னார்கள். மின் நிறுவனத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் நாங்கள் எத்தனை முறை போன் செய்திருப்போம். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பார்கள், பாட்டுப் போடுவார்கள், பாட்டு முடிந்ததும் இணைப்பும் முடிந்துவிடும். ஒரு உயிர் போன பிறகுதான் ஒரு ஆள் வருகிறது. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எரிச்சலில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் சலவைக்கடை வைத்திருந்தவன். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் லாண்டரி அண்ணன். நானும் என் மனைவியும் சேர்ந்து விடுதிகளின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக எடுத்துவந்து துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பின் அறையில் ஆள் உயரத்துக்கு இரண்டு உலர்த்தும் இயந்திரங்களும் ஒரு நீராவிக் கொதிகலனும் உண்டு. அவள் போன பிறகு கடையை மூடினேன். இயந்திரங்களை விற்க மனம் வரவில்லை. கடைக்கென்று வாங்கிய பெரிய மின் இணைப்பையும் அப்படியே விட்டுவிட்டேன். அதில் தப்பு எதுவும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஒரே மகள். நகரத்தில் வேலை. சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவாள். வந்ததும் முதல் வேலை வண்டியைப் பிளக்கில் சொருகுவது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பது இரண்டாவது வேலை. அவள் வண்டி பழசு, வந்து சேரும்போது பாட்டரி அநேகமாகக் காலியாகியிருக்கும். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவாள், மறுநாள் மறுபடி சொருகுவாள். பிறகு சாப்பிடும்போதும் என்னோடு பேசும்போதும் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று அதில் காட்டும். தொண்ணூறைத் தாண்டியதும் பையை எடுத்துக்கொள்வாள். நான் ஏதோ ஒரு கதையில் பாதியில் இருப்பேன். "அடுத்த வாரம் மிச்சத்தச் சொல்லுங்கப்பா" என்பாள். அடுத்த வாரம் எந்தக் கதை என்று அவளுக்கும் ஞாபகம் இருக்காது, எனக்கும் சொல்லத் தோன்றாது.

எனக்கு அந்த வண்டியின் மேல் கோபம் வரும். ஒரு வண்டியின் மேல் கோபப்படுவது சிறுபிள்ளைத்தனம் என்று தெரியும். ஆனாலும் வந்தது.

போன வருடம் உங்கள் நிறுவனம் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை மாட்டியது. வீட்டுக்கு வீடு ஒரு தாளும் கொடுத்தார்கள். எல்லோரும் சாயங்காலம் வந்து ஒரே நேரத்தில் வண்டியைச் சொருகுவதால் கம்பி தாங்கவில்லை, டிரான்ஸ்பார்மர் சூடாகிறது, இனிமேல் தெருவின் மொத்தச் சுமை ஒரு அளவைத் தாண்டினால் பெட்டி தானாகவே வண்டிகளுக்குப் போகிற மின்சாரத்தை மட்டும் குறைத்துவிடும் என்று போட்டிருந்தது. அடுப்பு, விளக்கு, விசிறி எதையும் தொடாது. கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி. 'உங்கள் சமையல் காத்திருக்க வேண்டாம். வண்டி காத்திருக்கும்.' யார் எழுதினார்களோ தெரியவில்லை, நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

முதலில் எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த கம்பளி, போர்வை எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன். காய வைக்க வழியில்லாமல், நெடுநாள் கழித்துப் பின் அறை இயந்திரங்கள் இரண்டையும் ஓடவிட்டேன். மகள் முன் அறையில் இருந்தாள்.

"அப்பா, வண்டி ஏறவே இல்லப்பா. தெருவுல லோடு அதிகமாம், கொறச்சுட்டானாம்" என்றாள்.

"அப்படியா. இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? காலைல போறேன். ஆபீசுக்கு லேட்டா வர்றேன்னு சொல்லிக்கிறேன்."

அன்று இரவும் அவள் தன் பழைய அறையிலேயே படுத்தாள். சாப்பிடும்போது போனை எடுக்கவில்லை, எடுத்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லையே. நான் ஆரம்பித்த கதையை முடித்தேன். அவள் சிரித்தாள். அவளுடைய அம்மா சிரிப்பதுபோலவே இருந்தது. மனைவி போன பிறகு நான் நன்றாகத் தூங்கிய இரவு அதுதான்.

அடுத்த ஞாயிறு துவைக்கத் துணி எதுவும் இல்லை. இயந்திரத்தை வெறுமனே ஓடவிடுவது எனக்குப் பிடிக்காது. தொழில் செய்தவனுக்கு அது உறுத்தும். அதனால் ஒரு போர்வையை நனைத்துப் பிழிந்து உள்ளே போட்டேன். அது காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். இன்னொரு இயந்திரத்தையும் கொதிகலனையும் அதோடு சேர்த்துப் போட்டு, விடிந்த பிறகுதான் அணைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். எந்தக் கம்பியையும் வெட்டவில்லை. உங்கள் பெட்டியைத் தொடக்கூட இல்லை. என் வீட்டில், என் இயந்திரத்தில், என் போர்வையை உலர்த்தினேன். பில் வந்தால் தவறாமல் கட்டினேன்.

தெருவுக்கு அதனால் சிரமம் ஏற்பட்டது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். தெருவில் அநேகமாக எல்லோரும் மின்சார வண்டிக்கு மாறியிருந்தார்கள், ஞாயிறன்று எல்லா வண்டிகளும் ஒன்றாகத்தான் காத்துக்கிடந்தன. டியூஷன் டீச்சர் தன் வீட்டு ஏசியை அணைத்தாள், பிரிட்ஜை அணைத்தாள், கடைசியில் பிள்ளைகளை விளக்கு இல்லாமல் வாசலில் உட்கார வைத்துப் பாடம் சொன்னாள். அப்படியும் அவள் வண்டி ஏறவில்லை. மூன்றாவது வீட்டுப் பேக்கரிக்காரர் புதிதாக ஒரு அடுப்பு வாங்கியிருந்தார். பாவம், எல்லோர் கண்ணும் அவர் மேல் விழுந்தது. யார் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது என்று ஆளுக்கு ஆள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒன்றாகப் பழகிய தெரு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத தெருவாகிவிட்டது.

நான்தான் தெருச் சங்கத்தின் செயலாளர். சும்மா இருக்க முடியுமா? கூட்டம் போட்டேன். வீடு வீடாகப் போய், "சாயங்காலத்துல கொஞ்சம் பாத்துச் செலவழிங்க, எல்லாரும் சேந்து அட்ஜஸ்ட் பண்ணாத்தான் உண்டு" என்று கேட்டுக்கொண்டேன். பேக்கரிக்காரரை யாரும் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று கண்டித்தேன். நடிப்பு என்று நினைப்பீர்கள். இல்லை. அவர்கள் படும் பாட்டைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இதை முன்யோசனை இல்லாமல் செய்த உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது.

எதிர்வீட்டைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

எதிர்வீட்டில் இருப்பவர் தச்சர். இந்த நாற்காலி அவர் செய்தது. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், வெள்ளி இரண்டு நாளும் காலையில் நகரத்து மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் தச்சர் ஒரு பழைய மின்சார வண்டி வாங்கினார். பாட்டரி சின்னது. முந்தின நாள் சாயங்காலம் ஏற்றினால்தான் போய் வரக் காணும். திங்கட்கிழமைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. இது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அந்தப் பெண் நல்ல கலகலப்பு. உடம்பு வீங்கியிருக்கும், முகத்தில் சிரிப்பு போகாது. ஒருநாள் மழை தூறிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று என் வீட்டுப் பின்பக்கத்துப் புகைக்கூண்டைக் காட்டினாள். அதிலிருந்து வெதுவெதுப்பாக ஆவி வந்துகொண்டிருந்தது.

"ஊரெல்லாம் மழை பெய்யுது, உங்க வீட்டுப் பின்னாடி மட்டும் வெயிலடிக்குது போலருக்கே லாண்டரி அண்ணே" என்றாள்.

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். அதன் பிறகு அவளைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பயம் என்று சொல்ல மாட்டேன். கூச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஏறாமல் போனால் தச்சர் திங்கள் காலை எப்படியாவது சமாளித்துவிடுவார். வழியில் கடை கடையாக நின்று சார்ஜ் போட்டுக்கொண்டு போவார். தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவார். பாதி நேரம் மட்டும் செய்து அனுப்பிவிட்டார்கள் என்று ஒருமுறை சொன்னார். சாயங்காலம் என்னிடம் வந்து இதே இடத்தில் உட்கார்ந்தார்.

"நோயாளிங்க இருக்கற வீட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கெடையாதாமே அண்ணே. மருத்துவமனையில ஒருத்தர் சொன்னார். நீங்க சங்கத்துல இருக்கீங்க, கேட்டுச் சொல்லுங்களேன்."

"அது வீட்டுக்குள்ளயே மெஷின் வச்சிருக்காங்களே, அவங்களுக்குத்தான் தம்பி. நீ போய் வர்றவன். உனக்குத் தர மாட்டாங்க."

அப்படித்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். போய்வருகிறவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு என்பது அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம். நான் பின்பக்கத்தைப் படித்தேனா இல்லையா என்பது இப்போது ஞாபகம் இல்லை. அவர் வண்டிக்கு மட்டும் தடையில்லாமல் ஏறினால், மகளும் அங்கே போய்த் தன் வண்டியைச் சொருகிக்கொள்வாளே என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரம் மகளுக்குத் தொடர் விடுமுறை. வியாழக்கிழமையே வந்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம் பையை இறக்கி வைக்கும் வரைதான் இருந்தது.

"நாளைக்குக் காலைல கிளம்பி ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறேம்பா. லீவு முழுக்க அங்கதான். போற வழியில உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

போகிற வழி. நான் அவளுக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு இடம். பெட்ரோல் பங்க் மாதிரி. சொல்லப்போனால் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது, சார்ஜ் போடத்தானே வருகிறாள்.

வியாழன் சாயங்காலம் போர்வையை நனைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் வண்டியில் சார்ஜ் போதவில்லை, தோழியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். எரிந்து விழுந்தாள், உங்கள் நிறுவனத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு சமாதானமாகி என்னோடு கடைக்கு வந்தாள். அதே காலையில் தச்சர் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அதை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவர்கள் நேரம் முடிந்து வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள். இடமில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதைத் தச்சர் சொல்லும்போது நானும் என் மகளும் வாசலில் நின்று கேட்டோம். அவள் "ஐயோ அக்கா" என்று எதிர்வீட்டுக்குள் ஓடினாள்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை போட்டீர்களா என்று கேட்கிறீர்கள். போட்டேன். அவள் ஞாயிறு கிளம்புவதாக இருந்தாளே. மதியமே போட்டுவிட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே தச்சர் வந்து கதவைத் தட்டினார். செருப்புக்கூட இல்லை.

"அண்ணே, அவளுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு வருது. படுக்க முடியல. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், வருது வருதுங்கறான். நேத்து வேற ஆஸ்பத்திரியில எடம் தேடி அலைஞ்சதுல என் வண்டியில ஒண்ணும் இல்ல. பாப்பா வண்டிய குடுங்க."

மகள் போனைப் பார்த்தாள். அவள் முகம் போன விதத்தைப் பார்த்தே தச்சருக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம வண்டியும் ஏறலையேப்பா" என்றாள் என்னிடம்.

டியூஷன் டீச்சர் வீட்டுக்கு மகள் ஓடினாள். அங்கேயும் இல்லை. பேக்கரிக்காரரின் பெட்ரோல் வேன் வெளியூர் போயிருந்தது. தெருவில் வண்டிக்குக் குறைவில்லை, எல்லோரும் விடுமுறையில் சுற்றிவிட்டு வந்து அன்றுதான் சொருகியிருந்தார்கள். மருத்துவமனை வரை போகிற சார்ஜ் ஒன்றிலும் இல்லை. உங்கள் பெட்டி தன் வேலையை அவ்வளவு சரியாகச் செய்திருந்தது.

நான் இதோ இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பின் அறைக் கதவு உங்களுக்குப் பின்னால் இருப்பதுதான். எழுந்து போய் அணைத்திருந்தால் எல்லா வண்டியும் அந்த நொடியே ஏற ஆரம்பித்திருக்கும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஏதோ ஒரு வண்டி போகிற அளவுக்கு ஏறியிருக்கும். இது உங்கள் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

ஏன் அணைக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். ஆம்புலன்ஸ் இப்போது வந்துவிடும் என்று நினைத்தேன். திடீரென்று எல்லா வண்டியும் ஏறினால் என்னவென்று கேள்வி வரும் என்றும் நினைத்தேன். போலீஸ்காரர் வந்து கேட்டால் சொல்வதற்கு அவை போதும். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். மகள் ஓடி ஓடிக் களைத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் இடி இடித்தால் பிடித்துக்கொள்வாளே, அந்தப் பிடி. "நான் இன்னைக்குப் போகலப்பா" என்று தோளில் சாய்ந்தாள். எழுந்தால் கையை விடுவிக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. பாதி வழியில் அந்தப் பெண் இறந்துபோனாள் என்று தச்சர் போனில் சொன்னார்.

மகள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இங்கேயே தங்கினாள். எதிர்வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தாள். தச்சரைச் சாப்பிட வைத்தாள். சாயங்காலம் என்னோடு நடந்தாள். அவள் அம்மாவைப் பற்றி நாங்கள் அந்த நாட்களில்தான் முதல்முறையாகப் பேசினோம். நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் உங்கள் முகம் மாறுகிறது. மாறட்டும். உண்மையைக் கேட்டீர்கள்.

ஒருநாள் என் அழுக்குத் துணியைத் தானே துவைத்துப் போடுவதாகச் சொல்லிப் பின் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தப் போர்வை இருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். காய்ந்து காய்ந்து நூல் இற்றுப்போயிருந்தது, எதிர்வீட்டு வாசல் அதன் வழியாகத் தெரிந்தது.

"இது எத்தன தடவப்பா காஞ்சிருக்கும்?"

"தெரியலம்மா."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் என் பக்கத்தைச் சொல்லியிருப்பேன். போர்வையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. உங்களுக்குத் தகவல் சொன்னது அவள் இல்லை என்று நினைக்கிறேன். தச்சருக்குத் தன் மனைவி சொன்ன அந்த வெயில் கதை ஞாபகம் வந்திருக்கும். எப்படியோ. வாசலில் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது என் மகளுடையதுதான். முழுக்க ஏற்றி வைத்திருக்கிறேன். அவள் எப்போது வந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம். அதுவரை காத்திருக்கும்.

போனைப் பார்க்கிறீர்கள். வந்ததிலிருந்து அதே சதவீதத்தில் நிற்கிறதா? தெருவில் லோடு அதிகமாக இருக்கும், சாயங்கால நேரம் அல்லவா. வீட்டில் பையன் காத்திருப்பான் என்று வந்ததும் சொன்னீர்கள். பாட்டியோடுதானே இருக்கிறான், காத்திருக்கட்டும். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மகளின் அறை சுத்தமாகத்தான் இருக்கிறது, தேவைப்பட்டால் காலையில்கூடக் கிளம்பலாம். இவ்வளவு நேரம் யாரும் குறுக்கே பேசாமல் நான் சொல்வதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

ஆமாம், பின் அறையில் ஓடுவது அதுதான். புதுப் போர்வை ஒன்று வாங்கினேன். நீங்கள் வாசலில் வண்டியைச் சொருகிக்கொண்டிருந்தபோது போட்டேன். அப்படிப் பார்க்காதீர்கள். யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை நான். யாருக்காவது இன்று வெளியே போக வேண்டியிருக்கிறதா என்று தெரு முழுக்க விசாரித்துவிட்டுத்தான் போட்டேன். எதிர்வீட்டில் இப்போது அவசரம் எதுவும் இல்லை.